எண்ணெய் படாத கேரியர்

எனக்கு இதய நோய் இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை!

பொன்னேரிக்கு வந்து, "ஹார்ட்டுக்கார ஏகாம்பரம் வீடு எது?" என்று கேட்டுப் பாருங்கள். தெருவில் கோலி ஆடுகிற பொடிசுகூடக் கை நீட்டிக் காட்டும். அந்தப் பெயர் பொய். பால் ஊற்றி, பருப்பு ஊட்டி அதை வளர்த்தவன் நான். கட்டிய மனைவியிடம் சொல்லாததை, முகம் தெரியாத உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்...

சிரிப்பு வந்தால் சிரியுங்கள். பாதிவரைக்கும் நானும் கூடவே சிரிக்கிறேன். அதற்குப் பிறகு என்னைச் சேர்த்துக்கொள்ளாதீர்கள்.

எழுபதுகள் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஆலைகள் ஒவ்வொன்றாகப் புகை கக்கத் தொடங்கியிருந்த நேரம். இரும்புக் கட்டையைப் பழுக்கக் காய்ச்சிக் கம்பியாக இழுக்கும் ஆலை ஒன்றில் எனக்கு வேலை. உலையிலிருந்து செக்கச் சிவந்து வரும் கட்டையை நீளக் கொறடால் பிடித்து, சுழலும் உருளைகளுக்கு நடுவே செருக வேண்டும். உருளை அதைக் கடித்து அந்தப் பக்கம் துப்பும். அந்தப் பக்கம் நிற்பவன் பிடித்து இந்தப் பக்கம் திருப்ப வேண்டும். இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் என் கூட்டாளி தேவசகாயம்.

அவன் மீஞ்சூர்க்காரன். பெரிய உடம்பு, சின்னக் குரல். அவன் அப்பா ஊரார் வயலில் கூலிக்கு நட்டவர். இவன் இரும்பை நட்டான். எனக்கு முன்பே ஆலையில் சேர்ந்தவன். கொறடு பிடிக்க எனக்குக் கற்றுத் தந்தவனும் அவன்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பள்ளிப்பட்டில் என் மைத்துனன் மகளுக்குக் காதுகுத்து. பிரியாணி! பிரியாணி என்றால் சோற்றில் வனஸ்பதி அல்ல ஐயா, வனஸ்பதியில் சோறு! விரலை விட்டால் வழவழவென்று நழுவியது. நான் சும்மா இருப்பேனா? குழந்தைக்குக் காது குத்தி முடிப்பதற்குள் இரண்டு பந்தியில் உட்கார்ந்து எழுந்தேன். மூன்றாவது பந்தியிலும் என்னைப் பார்த்ததாக ஒரு வதந்தி உண்டு. அது வதந்தி அல்ல.

மறுநாள் உலைக்கு முன்னால் நிற்கிறேன். நெஞ்சுக்குழியில் யாரோ ஏறி உட்கார்ந்துகொண்டு, எழுந்திருக்கமாட்டேன் என்று அடம்பிடிக்கிறார்கள்! வியர்வை ஆறாக ஓடுகிறது. கொறடு நழுவுகிறது...

"தேவசகாயம்! நான் போறேன்டா!" என்று கத்திக்கொண்டு சாய்ந்தேன்.

சும்மா சாய்ந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. சாய்ந்தவன் மரண வாக்குமூலம் கொடுத்தான்! ஆலையே வேலையை நிறுத்திவிட்டு என்னைச் சுற்றி நின்றது.

"என் சைக்கிள நீ எட்த்துக்கடா! பக்கிரிக்கு மட்டும் குட்த்துடாத, அவன் பிரேக்கே புடிக்கமாட்டான்!"

பக்கிரி எங்கள் ஆலை எலக்ட்ரீஷியன். அவனும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றுகொண்டிருந்தான். "சாவறப்போகூட என்ன உடமாட்டான் போல கீதே" என்று அவன் முணுமுணுத்தது என் காதில் நன்றாகவே விழுந்தது. சாகிறவனுக்கு அவ்வளவு தெளிவாகக் காது கேட்குமா? யோசித்திருக்க வேண்டும்... யோசிக்கவில்லை!

ஆலை வேனில் போட்டுப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார்கள். டிரைவர் பீடி பிடிக்க வெளியே நின்றுவிட்டார். உள்ளே நானும் டாக்டரம்மாவும் மட்டும். நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள். இயந்திரம் நீளமாகக் கோடு போட்டது. அந்த அம்மா கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு இரண்டு விரலால் என் வயிற்றின் மேற்புறத்தை அழுத்தினார்.

ஐயா! நான் விட்ட ஏப்பத்தில் பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிப் போயே போய்விட்டான்!

"இதயம் கடிகாரம் மாதிரி ஓடுது. இது வாயு. நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

சொன்னேன். மூன்றாம் பந்தியை மட்டும் மறைத்தேன். அங்கேயே ஆரம்பித்துவிட்டது பாருங்கள் என் பொய்!

அந்த அம்மா சிரிக்கவில்லை. "வனஸ்பதி ஆறினதும் பாத்திரத்துல எப்படி உறையுதுன்னு பாத்திருக்கீங்களா? அந்த மாதிரிக் கொழுப்பு நாள்பட்டா ரத்தக் குழாயோட சுவத்துல படியும். குழாய் குறுகிக்கிட்டே வரும். இன்னைக்கு வாயு, இப்படியே தின்னா ஒருநாள் நிஜமாவே வரும்" என்றார். வனஸ்பதி, நெய், ஆட்டுக் கொழுப்பைக் குறை, காய்ந்த எண்ணெயிலேயே மறுபடி மறுபடி பொரித்ததைத் தொடாதே, மீனைக் குழம்பாகச் சாப்பிடு, கீரை, பயறு, காய் சேர், உப்பைக் குறை, பீடியை விடு, நட என்று பட்டியல் போட்டார். எழுந்து கும்பிட்டேன். வாசல்வரை வந்தவனைக் கூப்பிட்டு, "எண்ணெயையே விடச் சொல்லலை. ஊத்துற கையைக் குறைக்கச் சொல்றேன்" என்றார்.

எவ்வளவு அழகான வார்த்தை! அதை அப்படியே கொண்டுவந்து சபையில் வைத்திருந்தால் நான் யோக்கியன்.

ஆனால் பொன்னேரியில் இறங்கினால்... என் வீட்டு வாசலில் அரைத் தெரு நிற்கிறது. என் மனைவி கஸ்தூரி தலைவிரி கோலமாக உட்கார்ந்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும் ஓடிவந்து சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். கிழவர்கள் கண்ணைத் துடைக்கிறார்கள். நீங்களே சொல்லுங்கள், இந்தக் கூட்டத்தின் நடுவில் நின்று, "ஒன்றுமில்லை ஜனங்களே, ஓர் ஏப்பம் விட்டேன், சரியாகிவிட்டது" என்று அறிவிக்க முடியுமா? சைக்கிளுக்கு உயில் வேறு சொல்லியாகிவிட்டது!

"டாக்டரு இன்னா சொன்னாங்க?" என்றாள் கஸ்தூரி.

நெஞ்சின் மேல் கையை வைத்தேன். பெருமூச்சு விட்டேன்.

கவனியுங்கள்... நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை! பொய் சொல்லவே இல்லை! பெருமூச்சுதான் விட்டேன். இத்தனை வருடமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்த சமாதானம் இதுதான். எவ்வளவு மட்டமான சமாதானம்!

மறுநாள் மானேஜர் ஐயா கூப்பிட்டனுப்பினார். இளகிய மனசுக்காரர், அவருடைய தகப்பனார் நெஞ்சு வலியில் போனவர். "டாக்டர் என்னப்பா சொன்னார்?" என்றார். கை தானாகவே நெஞ்சுக்குப் போனது. பெருமூச்சும் தயாராக இருந்தது. அவர் கண் கலங்கிவிட்டது.

"இனிமே உலைப் பக்கம் போகாதே. எடை மேடையில உட்காரு."

அந்த எடை மேடையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆலை வாசலில் லாரிகளை நிறுத்தி எடை பார்க்கும் இடம். ஓர் அறை, ஒரு மேசை, ஒரு நாற்காலி, தலைக்கு மேல் விசிறி. எங்கள் ஆலையில் உட்கார்ந்து செய்யும் வேலை அது ஒன்றுதான். அதிலிருந்த பெரியவர் அந்த மாதம் ஓய்வு பெறுகிறார். உலையில் மூத்தவன் தேவசகாயம். நாற்காலி அவனுக்குத்தான் என்று எல்லோருக்கும் தெரியும்.

எனக்கும் தெரியும்.

போய் உட்கார்ந்துகொண்டேன்! விசிறிக் காற்று பிடரியில் பட்டதும், அடடா... உண்மையைச் சொல்ல நாளைக்கு நேரம் இருக்கிறது என்று தோன்றியது. அந்த நாளை இன்னும் வரவில்லை.

தேவசகாயம் வந்து எட்டிப் பார்த்தான். முகம் கொஞ்சம் வாடியிருந்ததோ? வியர்வையோ? "ஒக்காருபா. ஒனக்குத்தான் வேணும் இது" என்றான். கொறடைத் தோளில் சாய்த்துக்கொண்டு உலைப் பக்கம் போனான்.

அதற்குப் பிறகு என் வாழ்வைக் கேளுங்கள்! காலைப் பாசஞ்சரில் கால் வைக்க இடம் இருக்காது. எனக்கு மட்டும் ஜன்னலோர இடம்! "ஹார்ட்டு வருது, வழி உடு!" என்று பக்கிரி கட்டியம் கூறுவான். யாராவது சத்தமாகச் சண்டை போட்டால், "மெள்ளமா பேசுங்கடா, ஹார்ட்டு கீது" என்பார்கள். ராஜ வாழ்க்கை!

ஆனால் வீட்டில்? கஸ்தூரி போர் தொடுத்துவிட்டாள். நான் பயத்தில் உளறியதில் டாக்டரம்மாவின் 'குறை' என்பது 'கூடாது' என்று மாறிவிட்டிருந்தது.

"இனிமே இந்த ஊட்ல எண்ண வாசன வந்திச்சின்னா என்ன ஏன்னு கேளு!" என்று எண்ணெய்ச் சட்டியைத் தூக்கிப் பக்கத்து வீட்டுக்குத் தானம் கொடுத்துவிட்டாள். அவித்த கீரை, அவித்த பயறு, தண்ணீரில் வெந்த மடவை மீன், கேழ்வரகுக் களி. தாளிக்கும் சத்தம் கேட்டே பல நாள் ஆயிற்று. பொரித்த இறால் என்றால் உயிரை விடுகிறவள் அவள்! "நீ துன்னாதத நான் துன்னுவனா?" என்று அவளும் விட்டுவிட்டாள். என் ஏப்பத்துக்கு அவள் விரதம்!

மத்தியானம் கேரியரைத் திறந்தால் எனக்கு அழுகை வரும். அதே நேரம், எதிரில் தேவசகாயம் கேரியரைத் திறப்பான்...

ஐயோ, அந்த வாசனை! அவன் மனைவி எஸ்தருடைய தம்பி கறிக்கடையில் வேலை செய்கிறவன். விலைபோகாத ஆட்டுக் கொழுப்பை அக்காவுக்குக் கொண்டுவந்து கொடுப்பான். அந்த அம்மா அதை உருக்கி, அதிலேயே தாளித்து, அதிலேயே வறுத்து, போதாததற்குச் சோற்றின் மேலும் ஒரு கரண்டி விட்டு அனுப்பும். உலை வேலைக்காரர்களின் வீடுகளில் அப்படி ஒரு நம்பிக்கை: சூட்டில் நிற்கிற உடம்பு காய்ந்து போகும், கொழுப்பு உள்ளே போனால்தான் தாங்கும் என்று. வண்டி அச்சுக்கு மசகு போடுவதுபோலப் புருஷனுக்குப் போட்டார்கள். ஆசையில் போட்டார்கள்!

எங்கள் ரயில் பெட்டியில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுச் சாப்பாடு அலுத்தவன் இன்னொருவனோடு கேரியரை மாற்றிக்கொள்ளலாம். இரண்டே சட்டங்கள்தான். திரும்பும்போது கழுவிக் கொடுக்க வேண்டும். ஏன் மாற்றுகிறாய் என்று கேட்கக்கூடாது. கேட்டால் அது எவனோ ஒருவன் மனைவியின் சமையலைக் குறை சொல்வதில் போய் முடியும். அதனால் யாரும் கேட்பதில்லை. வீட்டிலும் மூச்சு விடுவதில்லை.

ஒருநாள் மாலை, கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் மேம்பாலப் படியில் தேவசகாயம் பாதியில் உட்கார்ந்திருந்தான். கைப்பிடிக் கம்பியை இறுகப் பிடித்திருந்தான்.

"இன்னாபா?"

"ஒண்ணுமில்லபா. செருப்பு வாரு அறுந்துக்கிச்சு."

செருப்பைப் பார்த்தேன். வார் நன்றாகத்தான் இருந்தது.

பார்த்தேன்! இதைத்தான் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். பார்த்துவிட்டு, ரயில் வருகிறதே என்று படியேறினேன். அவன் மெதுவாகப் பின்னால் வந்தான்.

மறுநாள் காலை ரயிலில் எனக்குப் பொறுக்கவில்லை. அவனுடைய கேரியரிலிருந்து வறுத்த ஈரலின் வாசனை வந்து மூக்கைப் பிடித்து இழுத்தது. "தேவசகாயம், மாத்திக்கலாமா?" என்றேன்.

அவன் என்னை ரொம்ப நேரம் பார்த்தான். அவன் கண்ணில் ஏதோ பளபளத்தது. கேரியரை நீட்டினான்.

அன்றிலிருந்து தினமும்! என் அவித்த கீரை அவனுக்கு. அவன் கொழுப்புச் சோறு எனக்கு. சட்டப்படி அவன் ஏன் என்று கேட்கவில்லை. வேறொன்று மட்டும் அடிக்கடி கேட்பான்.

"ஒனக்கு இது ஆவுமாபா? நெஜமா ஆவுமா?"

"எனக்கு ஒண்ணும் ஆவாது, நீ துன்னு நைனா!" என்று கண்ணடிப்பேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, என் கஸ்தூரி வேகவைத்த பயற்றை ஒரு மணி விடாமல் தின்பான். களியை வழித்து வழித்துத் தின்பான். பைத்தியக்காரன், நாக்கே செத்தவன் என்று நினைத்துக்கொண்டேன். நான் எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்தேன்.

மாதங்கள் ஓடின. தேவசகாயம் இளைத்தான், முகம் தெளிந்தது, மேம்பாலப் படியில் உட்காராமல் ஏறினான். நானோ பெருத்தேன்! "அவிச்ச கீரையிலயா இப்பிடி ஊதுற?" என்று கஸ்தூரிக்கே வியப்பு. "சாமி குட்க்கிறாரு" என்றேன். அவள் கோயிலுக்குப் போய்க் கற்பூரம் ஏற்றினாள்.

பிறகு ஒருநாள் அதே மேம்பாலத்தில் எனக்கு மூச்சு வாங்கியது. கால்சட்டைக் கொக்கி பட்டென்று தெறித்துத் தண்டவாளத்தில் விழுந்தது. நான் உறைந்து நின்றேன்... வந்துவிட்டது! டாக்டரம்மா சொன்ன அந்த 'ஒருநாள்' வந்தேவிட்டது!

என் பீதியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ரயிலில் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நாடி பார்த்தேன். வண்டியின் தடக் தடக்குக்கும் என் நாடிக்கும் போட்டி! வண்டி வேகமெடுத்தால் எனக்கு உயிர் போயிற்று. சிக்னலில் நின்றால் நாடியே நின்றுவிட்டதென்று அலறினேன். "இவன் நெஞ்சில இஞ்சினு வச்சிக்கீறான்டா!" என்றான் பக்கிரி. பெட்டியே குலுங்கிச் சிரித்தது.

அன்றே சபதம் எடுத்தேன். இனி ஒரு துளி கொழுப்பு தொடமாட்டேன்! என் கேரியர் எனக்கே!

மறுநாள் தேவசகாயம் வழக்கம்போலக் கையை நீட்டினான். "வாணாம்பா, என்னுது நானே துன்றேன்" என்றேன்.

அவன் கை அந்தரத்தில் நின்றது. இரண்டு நாள் விட்டு, மெதுவாகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"ஏகாம்பரம்... இன்னும் கொஞ்ச நாளு மாத்திக்கலாமாபா?"

சின்னக் குரல் என்றேனே, அன்று இன்னும் சின்னது. அவன் முகத்தைப் பார்த்திருக்கலாம் நான். பெட்டியில் பத்துப் பேர் பார்க்கிறார்களே என்று அவர்களைப் பார்த்தேன். எனக்கு ஒரு வேடிக்கைப் பேச்சு வாய்க்குள் வந்துவிட்டிருந்தது. அதை விழுங்க என்னால் முடியாது!

"இன்னாடா, என் பொஞ்சாதி சமையலுக்கு மயங்கிட்டியா? அவளையே போய்க் கேளு! எண்ணயே ஊத்தாம உன்ன வறுத்து எட்ப்பா!"

பெட்டி வெடித்தது. பக்கிரி இருக்கையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். தேவசகாயமும் சிரித்தான். சிரித்துக்கொண்டே எழுந்து கதவோரம் போய் நின்றான்.

சில வாரங்கள் கழித்து, எடை மேடை நாற்காலியில் நான் விசிறிக் காற்றில் கண்ணயர்ந்திருந்தபோது, உலைப் பக்கத்திலிருந்து சத்தம் வந்தது. ஓடினேன். தேவசகாயம் கீழே கிடந்தான். வாக்குமூலம் இல்லை, உயில் இல்லை. ஒரு சத்தமும் போடாமல் விழுந்திருந்தான். கையிலிருந்த கொறடைக்கூட ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டு விழுந்திருந்தான், யார் காலிலும் படாதபடி.

அதே வேன். அதே பட்டணத்துச் சாலை. இம்முறை படுத்திருந்தது அவன். அவன் தலையை என் மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

உயிர் தப்பிவிட்டான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நடைகூடத்தில் அதே டாக்டரம்மா என்னைப் பார்த்து நின்றார். "நீங்க... அந்த ஏப்பக்காரர்தானே?"

சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தலையசைத்தேன்.

"இவர் உங்க சிநேகிதரா? போன வருஷமே என்கிட்ட வந்தார். குழாய்கள் குறுகியிருக்குன்னு அப்பவே சொன்னேன். சாப்பாட்டை மாத்தச் சொன்னேன். மாத்திட்டேன்னார், நல்லாவும் இருந்தார். இப்ப ஒரு மாசமா திரும்பப் பழைய சாப்பாடாம்."

"அதனாலதானுங்களா விழுந்தான்?" என்றேன்.

"சாப்பாட்டை மட்டும் சொல்ல முடியாது. அந்தச் சூடு, அந்தப் பளு... உலை வேலையை விடுங்க, உட்கார்ந்து செய்யற வேலை ஏதாவது இருக்கான்னு கேட்டேன். 'ஒண்ணு இருந்திச்சும்மா, அது போச்சு'ன்னார்."

அந்த நடைகூடத்துச் சுவரில் பச்சை வண்ணம் பூசியிருப்பார்கள். அதை நான் இன்றைக்கும் வரைந்து காட்டுவேன். அவ்வளவு நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

உள்ளே போனேன். எஸ்தர் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தது. தேவசகாயம் கண் விழித்து என்னைப் பார்த்தான். கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"எஸ்தரு... இவன் இல்லன்னா நான் எப்பவோ போயிருப்பேன்" என்றான்.

எனக்குப் புரியவில்லை.

"எனக்கு நெஞ்சு சரியில்லன்னு யார்கிட்டயும் சொல்லல. உன்கிட்ட சொன்னா நீ அழுவ. நீ அழுவற சேதி காலீல ரயிலேறி ஆலைக்குப் போயிடும். ஆவாத ஆளுன்னு ஊட்டுக்கு அனுப்பிடுவாங்க. அன்னிக்கு மேம்பாலத்தில இவன் என்னப் பாத்தான். செருப்பப் பாத்தான். புரிஞ்சிக்கினான். ஒரு வார்த்த கேக்கல. மறுநாளே, மாத்திக்கலாமான்னு அவன் கேரியர நீட்டினான். அவனே ஹார்ட்டுக்காரன்! அவனுக்கு வச்ச பத்தியத்த எனக்குக் குட்த்துட்டு, என் கொழுப்புச் சோத்த அவன் துன்னான்! ஆவுமாபா ஆவுமாபான்னு எத்தினி வாட்டி கேட்டேன்... சிரிச்சிக்கினே துன்னான். அவனுக்கு மூச்சு முட்டின அப்பாலதான் நிறுத்தினான். அப்பவும் நான் வெக்கமில்லாம போய்க் கேட்டேன். என்ன மன்னிச்சுடுபா."

அவன் என்னிடம் மன்னிப்புக் கேட்டான்!

எஸ்தர் எழுந்து வந்து இரண்டு கையும் கூப்பியது. "அண்ணா..." என்றது. அதற்குமேல் அந்த அம்மாவால் பேச முடியவில்லை. என்னால் முடியும். நான்தான் வாயாடி ஆயிற்றே! வாயைத் திறந்தால் போதும்... 'இல்லம்மா, எனக்கு வெறும் வாயு. உன் ஈரல் வறுவல் வாசனைக்காகத்தான் மாற்றினேன். இவன் நாற்காலியில்தான் நான் உட்கார்ந்திருக்கிறேன்.' ஒரே மூச்சில் சொல்லியிருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா?

நெஞ்சில் கை வைத்தேன். பெருமூச்சு விட்டேன்.

பழக்கம்! கை தானாகப் போகிறது!

உடம்பு தேறியதும் தேவசகாயத்துக்கு உலை வேலை இனி ஆகாது என்றுவிட்டார்கள். அப்போதாவது மனிதனாக வேண்டாமா? மானேஜர் ஐயாவின் அறைக்குப் போனேன். வழியெல்லாம் வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டே போனேன்: ஐயா, எனக்கு நோய் இல்லை, நாற்காலியைத் தேவசகாயத்துக்குக் கொடுங்கள், என்னை உலைக்கு அனுப்புங்கள். உள்ளே நுழைந்ததும் என் முகத்தைப் பார்த்து அவர் பதறி எழுந்துவிட்டார்.

"உட்காருப்பா முதல்ல! சிநேகிதனுக்கு இப்படி ஆச்சுன்னு நீ மனசைப் போட்டு அலட்டிக்காதே. உன் நெஞ்சு தாங்காது. டேய், யாருடா அங்க? இவருக்கு ஒரு சோடா கொண்டா!"

சோடா வந்தது. குடித்தேன். ஏப்பம் வந்தது. அதை அடக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

இவ்வளவுதான் என் வீரம். ஓர் ஏப்பத்தில் ஆரம்பித்து இன்னோர் ஏப்பத்தில் முடிந்தது.

தேவசகாயம் வேலையிலிருந்து நின்றுவிட்டான். இப்போது மீஞ்சூர் ஸ்டேஷன் வாசலில் எஸ்தர் இட்லி அவித்து விற்கிறது. அவன் பக்கத்தில் உட்கார்ந்து இலை நறுக்குகிறான். தம்பி கொண்டுவரும் கொழுப்பை அந்த அம்மா வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறதாம். என் வீட்டிலும் எண்ணெய்ப் போர் ஓய்ந்துவிட்டது; ஒரு சிறு கரண்டி கடலெண்ணெய்க்கு அனுமதி உண்டு. ஊற்றுகிற கை குறைந்திருக்கிறது. தெருப் பெண்கள் கஸ்தூரியிடம் வந்து சமையல் கேட்டுப் போகிறார்கள். "எங்க ஊட்டுக்காரர எமன் கையிலேர்ந்து புடுங்கினு வந்த சமையலு இது" என்கிறாள். ஊர் நன்றாகச் சாப்பிடுகிறது. என் பொய்யால் யாருக்கோ நல்லது நடக்கிறது என்று நான் ஆறுதலடையட்டுமா? அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டா?

ஆமாம்... இன்னும் அதில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நீங்கள் எப்போதாவது மீஞ்சூரில் இறங்கி இட்லி சாப்பிட்டால், இதையெல்லாம் அவனிடம் சொல்லிவிடாதீர்கள். இல்லை... சொல்லிவிடுங்கள்! ஐயோ, வேண்டாம்! அவனுக்கு அதிர்ச்சி ஆகாது. பார்த்தீர்களா, அவன் நோயைக்கூட எனக்குச் சாக்காக்கிக்கொள்கிறேன்!

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவன் என் வீட்டுக்கு வருகிறான். ரயிலேறி, மெல்ல மெல்ல நடந்து, கையில் கேரியரோடு. பழவேற்காட்டு மீனை வாங்கி, புளி கரைத்து ஊற்றி, பெயருக்குக்கூட எண்ணெய் விடாமல் எஸ்தர் எனக்கென்று வைத்த குழம்பு. "ஹார்ட்டுக்காரருக்கு"த் தனியாக.

"துன்னுபா. எண்ண படல" என்று எதிரில் உட்கார்ந்துகொள்வான். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை நகரமாட்டான். நான் ஒரு பருக்கை விடாமல் சாப்பிடுவேன். வழித்து வழித்துச் சாப்பிடுவேன்.

போன ஞாயிறும் வந்தான். அவனை வண்டியேற்றிவிட்டு வந்து, கிணற்றடியில் கேரியரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கழுவிக் கொடுக்க வேண்டும், சட்டம் அல்லவா? சாம்பலைத் தொட்டுத் தேய்த்தேன். ஒவ்வொரு அடுக்காகத் தேய்த்தேன். மறுபடி முதல் அடுக்கிலிருந்து ஆரம்பித்தேன்.

கஸ்தூரி வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"எண்ணயே படாத பாத்தரத்த இன்னாத்துக்குயா இவ்ளோ நேரமா தேச்சிக்கினு கீற?"

அவளுக்குச் சொல்ல எனக்கு ஒரு வேடிக்கைப் பேச்சும் வரவில்லை. குனிந்து, இன்னும் கொஞ்சம் சாம்பல் எடுத்தேன்.